எடுவார்டோவின் இடது கால்

எடுவார்டோ டா சில்வா என்ற பெயரைச் சொன்னால், கால்பந்து பார்க்கிறவர்கள் உடனே முகத்தைச் சுளிப்பார்கள். "ஐயோ, அந்தக் கால்..." என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். பிரேசிலில் பிறந்து, குரோவேஷியாவுக்காக 64 ஆட்டங்கள் ஆடி 29 கோல் அடித்தவர் அவர். டினாமோ ஜாக்ரெப், ஆர்சனல், ஷக்தார் டோனெட்ஸ்க், ஃபிளமெங்கோ என்று வரிசையாகப் பெரிய கிளப்புகளில் ஆடியவர். ஆனால் ஊர் உலகம் அவரை 2008 பிப்ரவரியின் ஒரு சனிக்கிழமையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. லண்டன் கிளப்பான ஆர்சனலின் ரசிகனான எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை. அந்தக் காலைப் பற்றி நானும் எழுதத்தான் போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் உடைவதற்கு முன்னாலும் அப்புறமும் அந்தக் கால் என்னவெல்லாம் செய்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

முதலில் ஒரு துணுக்கு. 2006 ஆகஸ்டில் ஆர்சனல் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு எமிரேட்ஸுக்குக் குடிபோனது. அங்கே நடந்த முதல் லீக் ஆட்டம் ஆஸ்டன் வில்லாவோடு, 1-1 டிரா. நான்கு நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்காகக் குரோவேஷியத் தலைநகரின் டினாமோ ஜாக்ரெப் வந்தது. சொந்த மண்ணில் 0-3 என்று ஏற்கெனவே தோற்றுவிட்ட அணி, சும்மா கணக்கை முடித்துவிட்டுப் போக வந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 12வது நிமிடத்தில் ஒல்லியான ஒரு இடதுகால்காரர் அசராமல் ஒரு கோல் போட்டார். ஆர்சனல் திருப்பி இரண்டு அடித்து ஜெயித்தது, அது வேறு விஷயம். எமிரேட்ஸின் போட்டி வரலாற்றில் மூன்றாவது கோல் ஒரு விருந்தாளியுடையது, அவர்தான் எடுவார்டோ. அடுத்த கோடையில் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரையே வாங்கி வந்தார். அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டாரோ என்னவோ.

ஆனால் கதை தொடங்குவது ரியோ டி ஜெனீரோவில். ரியோ என்றதும் கடற்கரையையும் கையை விரித்து நிற்கும் கிறிஸ்துவையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எடுவார்டோ வளர்ந்தது நகரத்தின் மேற்குக் கோடியில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, வெயில் கொளுத்தும் பாங்கு வட்டாரத்தில் இருக்கும் விலா கென்னடியில். 1960களில் அமெரிக்கப் பண உதவியோடு கட்டப்பட்ட குடியிருப்பு அது. நகரத்தின் நடுவில் இருந்த ஃபவேலாக்கள் என்னும் சேரிகளைக் காலி செய்து, அந்த மக்களைக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார்கள். கொலை செய்யப்பட்ட அமெரிக்க அதிபரின் பெயரைச் சூட்டினார்கள். சதுக்கத்தில் சுதந்திர தேவி சிலை ஒன்றும் சின்ன அளவில் நிற்கிறது. வேலைக்குப் போக நாள்தோறும் மணிக்கணக்கில் பேருந்தில் நசுங்க வேண்டிய மக்களுக்குச் சுதந்திர தேவி! திட்டம் போடுகிறவர்களின் நகைச்சுவை உணர்வு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1983 பிப்ரவரி 25இல் பிறந்த இந்தப் பையன், 1990களின் கடைசியில் பதினாறு வயதை ஒட்டி ஜாக்ரெப் போய்ச் சேர்ந்தான். பிரேசிலிலிருந்து பையன்களை ஏற்றுமதி செய்வது புதிதில்லை. போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி என்றால் மொழியும் உணவும் ஓரளவு ஒத்துப்போகும், துணைக்கு நாலு பிரேசில்காரர்களும் இருப்பார்கள். குரோவேஷியா அப்படியா? யூகோஸ்லாவியாவிலிருந்து 1991இல் பிரிந்து, போரில் அடிபட்டு, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்த நாடு. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்து, டாவோர் ஷூக்கர் 6 கோலோடு தங்கக் காலணி வாங்கி, தன் பெயரை உலகத்துக்குச் சொல்லியிருந்தது. அங்கே கால்பந்தும் அரசியலும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு டினாமோவே சாட்சி. அதிபர் டுட்ஜ்மன் காலத்தில் அந்தக் கிளப்பின் பெயரையே மாற்றி 'குரோவேஷியா ஜாக்ரெப்' ஆக்கிவிட்டார்கள். ரசிகர்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். டுட்ஜ்மன் இறந்த பிறகு, 2000இல்தான் பழைய பெயர் திரும்பியது. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான் ரியோவின் வெயிலிலிருந்து ஒரு பையன் அந்தக் குளிரில் வந்து இறங்கியிருக்கிறான்.

முதலில் ஒன்றும் சுலபமாக நடக்கவில்லை. பக்கத்துச் சிறு ஊரான ஜாப்ரெஷிச்சில் இருக்கும் இன்டர் என்ற இரண்டாம் பிரிவு கிளப்புக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கே கோல் அடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பினான். அப்புறம் டினாமோவால் அவனை வெளியே உட்கார வைக்க முடியவில்லை. 2002இல் குரோவேஷியக் குடியுரிமை கிடைத்தது. 2004இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் ஆடினான், அதே நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகத் தேசிய அணியிலும் இறங்கினான். ஜாக்ரெப்காரர்கள் அவனை 'டூடூ' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன வழக்கைப் பேசிவிடுகிறேன். பிரேசிலில் பிறந்து வேறு நாட்டுக்கு ஆடுவது என்றாலே 'கூலிக்கு ஆடுகிறவன்' என்று ஒரு முணுமுணுப்பு வரும். இந்த வழக்கம் ரொம்பப் பழையது. ஜோசே அல்டாஃபினி 1958இல் பிரேசிலோடு உலகக் கோப்பை ஜெயித்துவிட்டு, 1962இல் இத்தாலிக்கு ஆடினார். லியெட்சன் முப்பது வயதைத் தாண்டிய பிறகு போர்ச்சுகல் அணிக்குள் வந்தார். டியேகோ கோஸ்டா 2013 தொடக்கத்தில் பிரேசிலுக்காக இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடி, பிறகு ஸ்பெயின் பக்கம் சாய்ந்தார். 2014 உலகக் கோப்பையில் பிரேசில் ரசிகர்கள் அவரை ஊளையிட்டே ஓட்டினார்கள். இவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை, வயிற்றுப்பாடு அவரவருடையது. ஆனால் எடுவார்டோவை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மீசை அரும்பும் வயதில் ஜாக்ரெப் போனவர் அவர். ஆளானது அங்கே, ஆட்டக்காரர் ஆனது அங்கே. பிரேசில் அணி அவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவர் எந்த நாட்டை விட்டு ஓடினார் என்று சொல்வது?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2006 உலகக் கோப்பையில் குரோவேஷியா, பிரேசில் இருந்த அதே குழுவில் விழுந்தது. எடுவார்டோ பிறந்த நாட்டை எதிர்த்து ஆட ஒரு வாய்ப்பு. பயிற்சியாளர் ஸ்லாட்கோ கிராஞ்சார் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. காகாவின் ஒரே கோலில் பிரேசில் ஜெயித்தது. குரோவேஷியா முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டியது, கிராஞ்சாரும் போனார், ஸ்லாவென் பிலிச் வந்தார்.

பிலிச் வந்த பிறகுதான் எடுவார்டோவின் உண்மையான உருவம் தெரிந்தது. 2006 அக்டோபரில் ஜாக்ரெப்பின் மாக்சிமிர் மைதானத்தில் இங்கிலாந்தோடு யூரோ 2008 என்ற ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதி ஆட்டம். 61வது நிமிடத்தில் எடுவார்டோ தலையால் முட்டிய பந்து இங்கிலாந்து கோல்கீப்பர் பால் ராபின்சனைத் தாண்டி உள்ளே போனது. அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது அடுத்த கோல்தான்: கேரி நெவில் பின்னால் தட்டிவிட்ட பந்து தரையில் எதிலோ பட்டுத் துள்ள, ராபின்சன் காற்றை உதைத்து நின்ற காட்சி. எடுவார்டோ செய்ததை இன்னொரு விபத்து மூடிவிடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த மாதம் இஸ்ரேல் போய் 4-3 என்று ஜெயித்தார்கள், அதில் மூன்று இவருடையவை. அந்தத் தகுதிச் சுற்றில் மொத்தம் 10 கோல். வட அயர்லாந்தின் டேவிட் ஹீலி ஒருவர்தான் இவரைவிட அதிகம் அடித்தார். உள்நாட்டு லீக்கில் 2006-07 பருவத்தில் 32 ஆட்டங்களில் 34 கோல் போட்டு, கோரான் விளாவோவிச் வைத்திருந்த 29 கோல் சாதனையை உடைத்தார்.

எப்படி அடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவரிடம் பெரிய வேகம் கிடையாது. உயரம் சுமார், உடம்பும் சுமார். பிரேசில்காரர் என்றதும் நாம் எதிர்பார்க்கும் சாகசமோ, இடுப்பை வளைத்து நாலு பேரை ஏமாற்றுவதோ எதுவும் இல்லை. பெனால்டி கட்டத்துக்குள் பந்து வரும் இடத்தில் அவர் முன்பே நின்றிருப்பார். ஒரு தொடுதல், சில நேரம் அதுகூட இல்லாமல் நேரே உதை. பலம் கொடுத்து அடிக்க மாட்டார், கோல்கீப்பரின் கை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுவார். பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்களுக்குக் கோலுக்கு முன்னால் வந்ததும் ஒரு படபடப்பு வரும், தோள் இறுகும், பந்து ஆகாயத்துக்குப் போகும். எடுவார்டோவுக்கு அங்கே வந்த பிறகுதான் அமைதியே வரும். தியரி ஹென்ரி பார்சலோனாவுக்குப் போன அதே 2007 கோடையில் அவர் ஆர்சனலுக்கு வந்தார். ஹென்ரிக்குப் பதில் இவரா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் நிறையப் பேர்.

இங்கிலாந்து ஆட்டத்தின் வேகத்துக்கு உடம்பு பழகச் சில மாதங்கள் ஆயின. டிசம்பர் 29 அன்று எவர்ட்டன் மைதானத்தில் இரண்டு கோல், ஆர்சனல் 4-1 வெற்றி. பிரீமியர் லீக்கில் அவருக்கு அவைதான் முதல் கோல்கள். அதற்கு முந்தைய மாதம்தான் வெம்ப்ளியில் குரோவேஷியா இங்கிலாந்தை 3-2 என்று சாய்த்து யூரோவுக்கே வரவிடாமல் செய்தது. மழையில் குடை பிடித்து நின்ற இங்கிலாந்து பயிற்சியாளர் ஸ்டீவ் மெக்ளேரனின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அன்று இவிட்சா ஒலிச் அடித்த இரண்டாவது கோலுக்குப் பந்தை நறுக்கென்று உள்ளே அனுப்பியவர் எடுவார்டோ.

பிறகு 2008 பிப்ரவரி 23. பர்மிங்ஹாம் சிட்டியின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். ஆர்சனல் ஐந்து புள்ளி முன்னிலையில் லீக்கின் உச்சியில் இருந்தது. எடுவார்டோவின் இருபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு இரண்டே நாள். மூன்றாவது நிமிடத்தில் பர்மிங்ஹாமின் மார்ட்டின் டெய்லர் தாமதமாக வந்து கால் நீட்டினார். இடது காலின் சிறிய எலும்பு முறிந்து, கணுக்கால் மூட்டு தோலைக் கிழித்துக்கொண்டு இடம் பெயர்ந்தது. தொலைக்காட்சியில் பார்த்தபோது முதலில் எனக்குச் சாதாரண ஃபவுல் மாதிரிதான் தெரிந்தது. பக்கத்தில் போன வீரர்கள் தலையில் கை வைத்துத் திரும்பிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் ஏதோ செய்தது. பிரிட்டனில் ஒளிபரப்பிய ஸ்கை நிறுவனம் அந்தக் காட்சியைத் திரும்பக் காட்ட மறுத்துவிட்டது. டெய்லருக்குச் சிவப்பு அட்டை. ஆர்சனலின் உடலியக்கச் சிகிச்சையாளர் கேரி லூயின் மைதானத்திலேயே பல நிமிடங்கள் போராடினார்.

ஆட்டத்தின் மிச்சமும் ஒரு துயர நாடகம்தான். ஆர்சனலின் தியோ வால்காட் லீக்கில் தன் முதல் இரண்டு கோல்களை அன்றுதான் அடித்தார், யாருக்கும் கொண்டாடத் தெம்பில்லை. கடைசி நொடிகளில் ஆர்சனலின் கிளிஷி ஒரு பெனால்டி கொடுக்க, பர்மிங்ஹாமின் மெக்ஃபாடன் அடித்து 2-2 ஆக்கினார். கேப்டன் வில்லியம் காலஸ் ஆட்டம் முடிந்தும் எழுந்திருக்காமல் புல்தரையில் தனியாக உட்கார்ந்திருந்தார், வெங்கர் போய்த் தூக்கிவிட வேண்டியிருந்தது. டெய்லர் இனி ஆயுளுக்கும் ஆடக் கூடாது என்று வெங்கர் கொதித்துச் சொல்லிவிட்டு, அன்று இரவே அதைத் திரும்பப் பெற்றார். டெய்லருக்கு வழக்கமான மூன்று ஆட்டத் தடை கிடைத்தது. அவர் அடியாள் ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. வேகம் குறைந்த ஒரு டிஃபென்டர், பந்துக்கு அரை நொடி தாமதமாக வந்தார். ஆனால் கொஞ்சம் 'உரசிப் பார்த்தால்' ஆர்சனல் பயந்துவிடும் என்ற பேச்சு அப்போது இங்கிலாந்து பூராவும் இருந்தது. 2006இல் அபு டியாபியின் கணுக்கால், 2008இல் இது, 2010இல் ஆரன் ராம்சியின் கால் என்று மூன்று இளம் உடம்புகள் அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தன. தனிமனிதனைத் திட்டுவதைவிட எனக்கு அந்தப் பேச்சின் மேல்தான் கோபம்.

அந்த முறிவால்தான் ஆர்சனல் பட்டத்தை இழந்தது என்று எங்கள் ஆட்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. அதற்குப் பிறகு ஆஸ்டன் வில்லா, விகன், மிடில்ஸ்பரோ என்று வரிசையாக டிரா, செல்சியிடம் தோல்வி. ஆனால் நடுவில் இதே அணி சான் சீரோவுக்குப் போய் ஏசி மிலானை 2-0 என்று வீழ்த்தி வந்தது. மனம் உடைந்த அணிக்கு அது முடியுமா? அணியில் ஆள் பற்றாக்குறை என்பதுதான் பெரிய காரணம். டிரா ஆன ஆட்டங்களில் கிடைத்த ஒன்றிரண்டு வாய்ப்பைக் கோலாக்க எடுவார்டோ மாதிரி ஒருவர் இல்லை. கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் 87, செல்சி 85, ஆர்சனல் 83. பட்டத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே நான்கே புள்ளி. குரோவேஷியாவும் அவர் இல்லாமலே யூரோவுக்குப் போய், காலிறுதியில் துருக்கியிடம் பெனால்டியில் தோற்றது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2009 பிப்ரவரி 16 அன்று, எஃப்ஏ கோப்பையில் கார்டிஃப் சிட்டிக்கு எதிராக முழுமையாகத் திரும்பினார். தலையால் ஒன்று, பெனால்டியில் ஒன்று. நல்ல செய்திதான். ஆனால் நான் யாருக்காவது அவருடைய ஒரே ஒரு கோலைக் காட்ட வேண்டுமானால், அடுத்த மாதம் பர்ன்லிக்கு எதிராக அடித்ததைத்தான் காட்டுவேன். சக ஆட்டக்காரர் அலெக்ஸ் சாங் தடுப்பு வரிசைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடுகிறார். பந்து தோளுக்கு மேலாக இறங்குகிறது. எந்த ஸ்ட்ரைக்கரும் அதை அடக்கித்தான் உதைப்பார், அல்லது வலது காலுக்கு மாற்றுவார். எடுவார்டோ ஓடியபடியே, பந்து தரையைத் தொடும் முன், இடது பாதத்தின் வெளிப்பக்கத்தால் லேசாகத் திருப்பிவிடுகிறார். கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அப்படி ஒரு வாலியை அடிக்கக் கணுக்காலை நீட்டி, பூட்டி, அதன் மேல் முழு நம்பிக்கை வைக்க வேண்டும். எந்தக் கணுக்காலை? பன்னிரண்டரை மாதத்துக்கு முன்னால் தோலுக்கு வெளியே வந்த அதே கணுக்காலை! கோல் அடித்துவிட்டு அவர் பெரிதாக ஆர்ப்பாட்டம்கூடச் செய்யவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் இன்னொரு வம்பு. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் செல்டிக் கோல்கீப்பர் அர்துர் போருட்ஸ் காலடியில் விழுந்து பெனால்டி வாங்கினார், தானே அடித்தும் போட்டார். மறு ஓட்டத்தில் பார்த்தால் கால் பட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் வீடியோவை வைத்து இரண்டு ஆட்டத் தடை போட்டது, மேல்முறையீட்டில் இரண்டு வாரத்துக்குள் அதை ரத்து செய்தது. அவர் விழுந்தது ஏமாற்றுத்தானா? என் கணிப்பில் ஆமாம், கொஞ்சம் ஏமாற்றுத்தான். ஆனால் மோதப்போகும் ஒரு உடம்பைப் பார்த்ததும் அந்தக் கால் முன்கூட்டியே விலகிக்கொண்டது என்று வெங்கர் தரப்பில் சொன்னதையும் என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. ஒரு வருடம் முன்னால் அவருக்காக உச்சுக் கொட்டிய அதே நாடு இப்போது 'ஏமாற்றுக்காரன்' என்று முழங்கியதுதான் வேடிக்கை.

ஆர்சனலில் அவருக்குப் பழைய கூர்மை முழுசாகத் திரும்பவில்லை, தசைக் காயங்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. 2010 ஜூலையில் உக்ரைனின் ஷக்தார் போனார். பயிற்சியாளர் மிர்ச்சா லுச்செஸ்கு அங்கே வில்லியன், டக்ளஸ் கோஸ்டா, ஃபெர்னாண்டின்யோ, லூயிஸ் அட்ரியானோ என்று ஒரு குட்டி பிரேசிலையே வளர்த்துக்கொண்டிருந்தார். விதி விளையாட, சாம்பியன்ஸ் லீக் குழுவில் ஆர்சனலும் ஷக்தாரும் சேர்ந்தே விழுந்தன. அக்டோபர் 19, எமிரேட்ஸ். ஆர்சனல் 5-0 என்று முன்னிலையில் இருக்கும்போது எடுவார்டோ ஒரு கோல் அடித்தார். ஆர்சனல் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதிரணியின் கோலுக்கு அந்த மைதானம் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்து டோனெட்ஸ்கில் மறுபடி அடித்தார், இந்தத் தடவை ஷக்தார் 2-1 என்று ஜெயித்தேவிட்டது. கைதட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டோம்.

உக்ரைனில் லீக் பட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சாம்பியன்ஸ் லீக்கில் ரோமாவை வெளியேற்றிய ஆட்டத்தில் ஒரு கோல், பிறகு காலிறுதி. அதை வேகமாகக் கடந்து 2014க்கு வருகிறேன். உலகக் கோப்பை பிரேசிலில். தொடக்க ஆட்டமே பிரேசில் - குரோவேஷியா, ஜூன் 12, சாவோ பாலோ. 2006இல் நழுவிய வாய்ப்பு எட்டு வருடம் கழித்துச் சொந்த மண்ணில் வருகிறது. மரியோ மான்ஜுகிச்சுக்குத் தடை வேறு, ஆக முன்வரிசையில் இடம் காலி. பயிற்சியாளர் நிகோ கோவாச் எடுவார்டோவைத் தொண்ணூறு நிமிடமும் பெஞ்சிலேயே உட்கார வைத்தார். 1-1 என்று இருந்தபோது ஃபிரெட் தொட்டதும் விழுந்து வாங்கிய பெனால்டியில் ஆட்டம் திரும்பி, பிரேசில் 3-1 என்று வென்றது. கோல்கீப்பர் காலடியில் விழுந்ததற்காக ஊரெல்லாம் ஏச்சு வாங்கிய மனிதர், பெஞ்சிலிருந்து அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாரோ! ஆறு நாள் கழித்து, மனாவ்சில் கேமரூனை 4-0 என்று வென்ற ஆட்டத்தில், கடைசி இருபது நிமிடம் போல மாற்று வீரராக இறங்கினார். உலகக் கோப்பையில் அவர் ஆடியது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் டோனெட்ஸ்கில் போர் மூண்டது. ஷக்தார் தன் மைதானத்தையும் ஊரையும் விட்டு லிவிவ் நகரத்துக்குப் போனது. எடுவார்டோ ஃபிளமெங்கோவில் சேர்ந்தார். பையனாக ரியோவை விட்டவர், முப்பத்தொரு வயதில் அந்த ஊரின் மிகப் பெரிய கிளப்பின் சட்டையைப் போட்டார். அங்கே ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2015இல் ஊர் இழந்த ஷக்தாருக்கே திரும்பிப் போனார். போர் நடக்கும் நாட்டுக்கு எதற்கு என்று பல வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தயங்கிய நேரம் அது. 2017இல் பிரேசிலில் குரிச்சிபாவின் அத்லெச்சிகோ பரனயென்சே, 2018இல் வார்சாவின் லெகியா. போலந்திலும் ஒரு லீக் பதக்கம் கிடைத்தது, ஆனால் அவர் அங்கே ஆடியது சொற்பம்தான்.

தேசிய அணியிலிருந்து அவர் விடைபெற்ற 2014இல் குரோவேஷியாவின் கோல் பட்டியல் இப்படி இருந்தது. முதலிடத்தில் ஷூக்கர், 45. இரண்டாவது எடுவார்டோ, 29. டாரியோ ஸ்ர்னா, ஒலிச் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். மான்ஜுகிச்சும் பெரிஷிச்சும் பிறகுதான் தாண்டினார்கள். ஒரு முழு யூரோ போட்டியைக் கட்டிலிலும் ஊன்றுகோலிலும் கழித்துவிட்டு வந்த எண்ணிக்கை அது.